மண் போட்ட கை

1933-ம் வருஷம், வைகாசிப் புயல் ஓய்ந்த ஐந்தாம் நாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் லாசர் மணல்மேட்டில் வைத்திருந்த கூடைக்குள் கையை விட்டு, ஒரு பிடி மணலைப் போட்டுவிட்டுத் திரும்பினார். வரும் வழியில் அலைக்குள் இறங்கிக் கையைக் கழுவினார். நாலு எட்டு நடந்தவர் என்ன நினைத்தாரோ, மறுபடியும் போய்க் கழுவினார். குடிசை வாசலில் நின்று அவருடைய மகள் அந்தோணியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் கையால் அந்த மணலை அள்ள வைத்தவள் அவள்தான். அது அன்றைக்கு அவளுக்கு மட்டுமே தெரியும்.

கூடை விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சாந்தோம் மாதா கோயிலுக்குத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், எழுபது குடிசை இருந்த குப்பம் அது. பாதி வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், பாதி வீட்டில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கூடை மட்டும் எல்லோருக்கும் பொது. எவனுடைய கட்டுமரமாவது உடைந்தாலும், எவனாவது கடலுக்குப் போகமுடியாமல் படுத்துவிட்டாலும், குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் ஒரு மீன்கூடையை எடுத்து, அதன் வாயை ஈரத்துணியால் கட்டி, ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓரத்தைத் தளர்த்தி வைப்பார். வீட்டுக்கு ஒரு கை. பொத்திய கையோடு போய், துணிக்குள் விட்டு, விரித்த கையோடு வரவேண்டும். கொடுக்க ஒன்றுமில்லாதவன் ஒரு பிடி மணல் போடலாம். பிறகு பெரியதனக்காரர் சலித்து, மணலைக் கரையிலேயே கொட்டிவிட்டுக் காசை உரியவனிடம் கொடுப்பார். யார் ரூபாய் போட்டது, யார் காலணா போட்டது, யார் மண் போட்டது என்று ஒரு உயிருக்கும் தெரியாது. வாங்கியவன் யார் முகத்தைப் பார்த்தும் குனியவேண்டியதில்லை.

லாசர் அதுவரைக்கும் மண் போட்டதில்லை. பெண்சாதியைப் புதைத்த மாதத்தில்கூட நாலணா போட்டவர்.

இந்தத் தடவை கூடை வைத்தது பக்கத்துக் குடிசை சுப்பராயனுக்காக. அவருடைய கட்டுமரத்தைப் புயல் முகத்துவாரத்துத் திட்டில் அடித்துக் கட்டை கட்டையாகப் பிரித்துவிட்டது. மூன்று கட்டை கடலோடு போய்விட்டது. புது மரம் கட்ட ஐம்பத்தைந்து ரூபாய் வேண்டும்.

அன்று மத்தியானம் லாசர் மகளைக் கேட்டார்.

“அந்தோணி, ஊட்ல இன்னா கீது?”

“ஒண்ணும் இல்ல நைனா. அஞ்சு நாளா யாவாரமே இல்லியே.”

“அந்த அடையாறு பங்களா பட்லர் குடுத்த துட்டு?”

“அரிசிக்குப் போயிடுச்சு.”

“எட்டணாகூடவா இல்ல?”

“இல்ல நைனா.”

லாசர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சுப்பராயனுக்குப் போயி மண்ணு போடவேண்டியதாக் கீதே,” என்று மட்டும் சொன்னார்.

அடுப்புக்குப் பின்னால் உப்புச்சட்டிக்கு அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பாஸ்புக் ஒன்று இருந்தது. அதில் இருபத்தோரு ரூபாய் சொச்சம். தபாலாபீசில் இருந்தால்தான் என்ன, ‘நாளைக்குத் தருகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரியதனக்காரர் ஒரு நாள் பொறுத்திருப்பார். அவள் சொல்லவில்லை.

பாஸ்புக் வந்த கதை இது. போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் மெழுகுவத்திப் பெட்டிகள் அடுக்கிய கொட்டகையில், ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஒரு வகுப்பு ஆரம்பமாயிற்று. நடத்தியவர் மாசிலாமணி. மதுராந்தகத்துக்காரர், பட்டணத்தில் ஒரு பேங்கியில் குமாஸ்தா, அவருக்கே இருபத்தைந்து வயதுதான். சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் காசை எப்படி ஆளுவது என்று சொல்லித்தர வந்தார். குப்பத்தில் அதைக் ‘காசு வகுப்பு’ என்றார்கள். வகுப்புக்குப் போனால் காசு கொடுப்பார்கள் என்று நினைத்து முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் பதினோரு பேர். கொத்தனார் வேலை செய்கிற பையன்கள், மீன்காரப் பெண்கள் நாலைந்து பேர், மயிலாப்பூர்க் கடைத்தெருவில் தையல் வேலை செய்த பீர் முஹம்மது.

“வட்டின்னா இன்னா சார்?” என்று அந்தோணியம்மாள்தான் முதலில் கேட்டாள்.

“ஒன் பணத்த சர்க்கார் வச்சிக்கறதுக்காக ஒனக்குக் குடுக்கற கூலிம்மா.”

“அந்தக் கூலி நம்மளுக்கு ஹராம் சார்,” என்றான் பீர் முஹம்மது. “வேணாம்னு எழுதிக் குடுத்தா வுட்டுடுவாங்களா?”

“எழுதிக் குடுக்கலாம். போட மாட்டாங்க.”

“சார், அத என் பேர்ல ஏத்த சொல்லு சார். எனக்குப் பாவம் புண்ணியம்லாம் ஒத்துக்கும்,” என்றாள் அந்தோணியம்மாள்.

“ஒன் வாயி ஒண்ணு போதும்மே, அத அடமானம் வெச்சாவே மவுண்ட் ரோட்டுல பங்களா வாங்கலாம்,” என்றான் பீர் முஹம்மது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மாசிலாமணியும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

ஒரு வாரம் அவர், “யாராவது வாங்கின கடனச் சொல்லுங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்,” என்றார். அந்தோணியம்மாள் தன் வீட்டுக் கடனைச் சொன்னாள். அம்மாவின் சாவுச் செலவுக்கு நைனா மீன் கான்ட்ராக்டரிடம் நாற்பது ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். கான்ட்ராக்டர் வட்டி கேட்கமாட்டார், நல்ல மனுஷர் என்று பேர். ஒரே ஒரு நிபந்தனை. பிடிக்கிற மீன் முழுக்க அவருக்கே. மற்றவர்கள் ஒரு ரூபாய் கொடுக்கிற மீனுக்கு அவர் பன்னிரண்டணா கொடுப்பார். அட்வான்ஸை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கிற நாள் வரைக்கும் அப்படி.

“மாசத்துக்கு எவ்வளவு மீன் போகுது?”

“பதினாறு ரூபா மீனு போவும் சார்.”

“கையில வர்றது?”

அவள் விரல் மடித்தாள். “பன்னண்டு.”

“மாசம் நாலு ரூபா நஷ்டம். வருஷம் நாப்பத்தெட்டு. மூணு வருஷம் ஆச்சுன்னா நூத்திநாப்பத்திநாலு. அசல் நாப்பது?”

“அப்டியே நிக்குது சார்.”

அவள் கையில் சாக்பீஸ் கொடுத்து அவளையே எழுதச் சொன்னார். நூற்று நாற்பத்து நான்கு என்று எழுதும்போது சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. அந்த வாரமே தபாலாபீசுக்குப் போனாள். நாற்பது ரூபாய் சேர்த்து நைனாவை மீட்டுவிடவேண்டும். வெள்ளி முளைக்கக் கூடை எடுத்து, பாலம் தாண்டி அடையாற்றுப் பங்களாக்களில் வஞ்சிரம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுமந்துகொண்டு, அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகருக்கு நடந்து, அங்கே கட்டட வேலைக்காரர்களிடம் கருவாடு விற்பாள். கருவாட்டுக் காசில் வாரம் ஆறணா தபாலாபீசுக்குப் போகும். வெற்றிலை போடுவதை விட்டாள். வெயிலில் கால் வெந்தாலும் ஒரு நாள் ஜட்கா ஏறியதில்லை.

மாசிலாமணி அழுத்திச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. “சேக்கற பணம் யாருக்கும் தெரியக்கூடாது. தாய் தகப்பனுக்குக்கூட. தெரிஞ்சா அன்னிக்கே ஒரு செலவு வந்து வாசல்ல நிக்கும்.” அவள் அதை ஜெபம்போல மனசில் வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடையில் முப்பத்தைந்து ரூபாய் சேர்ந்தது. இருபது குறைந்தது. சுப்பராயன் இரண்டு நாள் அலைந்துவிட்டு மூன்றாம் நாள் அதே கான்ட்ராக்டரிடம் போய் இருபது ரூபாய் அட்வான்ஸ் வாங்கி பத்திரத்தில் விரல்ரேகை உருட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். நாற்பதுக்கு என்ன நிபந்தனையோ இருபதுக்கும் அதே நிபந்தனை. ரூபாய்க்குப் பன்னிரண்டணா. புது மரம் வந்தபோது அதற்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டினார்கள். குப்பமே சந்தோஷமாக நின்றது. அந்தோணியம்மாள் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, மாசம் நாலு, வருஷம் நாற்பத்தெட்டு என்று நினைத்தாள். அந்தக் கணக்கு அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் சுகமாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு சுப்பராயன் பெண்சாதி பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது. பச்சையம்மாவுக்கு அது புரியவில்லை. “இன்னாமே, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு திரியறே? மாப்ள எவனாவது பாத்து வெச்சிகீறியா? சொல்லு, ஒன் நைனாகிட்ட நான் பேசறேன்,” என்று விலாவில் இடிப்பாள்.

ஆனி மாதத்தில் தபாலாபீசில் வட்டி ஏற்றுவதற்காகப் பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் மத்தியானம், லாசர் வாசலில் வலை கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். பச்சையம்மா ஒரு சட்டியில் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். கான்ட்ராக்டர் பொடிமீனை எடுக்கமாட்டார், அது ஒன்றுதான் இப்போதெல்லாம் அவள் வீட்டுக்கு மிஞ்சியது. அதிலும் பாதியைக் கொண்டுவந்திருந்தாள்.

“மாங்கா போட்டுகீறேன் அண்ணே. புளிக்கும், சோறு நெறைய போட்டுக்கோ.”

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். பெரியதனக்காரர் மகனுக்கு ரங்கூனிலிருந்து கடிதம். கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர் லாசர் வாசலில் நின்றார்.

“ஏம்மா, அந்தோணியம்மா நீதானே? ஒன் பாஸ்புக்கு வட்டி ஏறி வந்துடுச்சு. ரெண்டு வாரமா ஆபீஸ்ல தூங்குது. வந்து வாங்கிக்கினு போ.”

“இன்னா புக்கு அது?” என்றார் லாசர்.

“சேவிங்ஸ் பேங்கி புக்குய்யா. பொண்ணு கெட்டிக்காரி. வட்டியோட இருபத்துமூணு ரூபாய்க்கு மேல கீதாமே, கிளார்க்கு சொல்லிச் சொல்லி மாஞ்சி போறாரு. ஒனக்கென்னய்யா, குடுத்து வெச்சவன்.”

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

லாசரின் கை முடிச்சின்மேலேயே நின்றது. பச்சையம்மா மெதுவாகக் கேட்டாள்.

“எப்போலேர்ந்துமே?”

“போன வருஷத்துலேர்ந்து அத்தே.”

“அப்போ கூடை வெச்ச அன்னிக்கு?”

அந்தோணியம்மாள் குழம்புச் சட்டியைப் பார்த்தாள்.

“சொல்லுமே. அன்னிக்கு இருந்துதா?”

“இருந்துது.”

பச்சையம்மா கோபப்பட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், அந்தோணியம்மாள் தாங்கியிருப்பாள். அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “கொழம்பு ஆறிடப் போவுது, சாப்புடுங்க,” என்று சொல்லிவிட்டுத் தன் குடிசைக்குள் போய்விட்டாள்.

பொழுது இறங்குவதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், “தபாலாபீசு வருது, வழி வுடுங்கடி,” என்றாள் ஒருத்தி. “அய்யோ, மேல தண்ணி படாம பாத்துக்க. நோட்டு நனைஞ்சிடப் போவுது,” என்றாள் இன்னொருத்தி. எப்போதும் ஒன்றுக்குப் பத்து திருப்பிக் கொடுக்கிற வாய் அன்று திறக்கவில்லை.

லாசர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வலையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“மண்ணு போட்டவன் எவனும் வெளிய சொல்ல மாட்டான். நான் போயி சொன்னேன். எனக்கு மனசு கேக்கல. ‘மச்சான், மண்ணுதான் போட்டேன், மனசுல வெச்சிக்காத’ன்னேன். அவன் இன்னா சொன்னான் தெரியுமா? ‘ஒன் ஊட்டு மண்ணு போதும் மச்சான்’னான்.”

அந்தோணியம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“நாப்பது ரூபா சேத்து ஒன்ன மீட்கணும்னுதான் நைனா...”

“தெரியுது. எனக்கோசரம்தான். அது தெரியாமலா கீறேன்? என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா நீ எடுத்துக் குடுத்துடுவே.”

“ஆமா, குடுத்துட்டுதான் இருப்பேன்,” என்றார் லாசர். வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாசிலாமணி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாருக்கும் சொல்லாதேன்னு நீங்கதான் சார் சொன்னீங்க,” என்றாள் கடைசியில்.

“சொன்னேம்மா.”

“அது எந்தப் புக்குல போட்டுகீது?”

அவர் முகம் சிவந்தது. “புக்குல இல்ல. அது எங்க வீட்டுப் பாடம். என் மச்சினர் ரெண்டு பேரு, நான் பத்து ரூபா சேத்தேன்னு தெரிஞ்சா பன்னண்டு ரூபா கேட்டுக்கிட்டு ரயிலேறி வருவாங்க. அந்தக் கோவத்துல கண்டது. உங்க கூடை எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமா இங்க வரேன், கேட்டதும் இல்ல.”

பீர் முஹம்மது தரையைப் பார்த்தபடி சொன்னான்: “நம்ம பக்கத்துல ஜகாத்துன்னு ஒண்ணு கீது சார். சேத்து வெச்சதுல நாப்பதுல ஒரு பங்கு குடுத்தே ஆவணும். எனக்கு இன்னும் அந்த அளவுக்கு சேரல. ஆனா அதுவும் பலகையில எழுதவேண்டிய கணக்குதான்னு தோணுது.”

“ஆமாப்பா,” என்றார் மாசிலாமணி. எழுதவில்லை. அன்று அரைமணி முன்னாலேயே வகுப்பை முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தோணியம்மாள் தபாலாபீசில் கையெழுத்துப் போட்டு, கணக்கை மூடாமலிருக்க நாலணாவை மட்டும் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் எடுத்தாள். ரூபாய்களை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே பச்சையம்மா குடிசைக்குப் போனாள். பச்சையம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தோணியம்மாள் முடிச்சை அவிழ்த்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இருபது ரூபாய மொத்தமா குடுத்தா கான்ட்ராக்டர் வுட்டுதான் ஆவணும் அத்தே. மாமா கட்டு கழண்டுடும். மாசம் நாலு ரூபா மிஞ்சும். எடுத்துக்கோ.”

பச்சையம்மா காசைப் பார்த்தாள். நல்ல புது வெள்ளி. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மாசம் நாலு ரூபாயா போவுது?”

“ஆமா அத்தே.”

“வருசத்துக்கு?”

“நாப்பத்தெட்டு.”

“அம்மாடி!” பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “இது அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினேதான் பேசாம இருந்தியா?”

அந்தோணியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். பச்சையம்மா காசை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

“எடுத்துக்கினு போ.”

“அத்தே, மன்னாப்பு கேக்கறேன். வாங்கிக்கோ.”

“கோவத்துல சொல்லலமே. கேளு. இத அன்னிக்கு நீ கூடையில போட்டிருந்தா, யாரு போட்டதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. எழுபது ஊட்டையும் ஒரே மாரி பாத்துக்கினு போயிருப்பேன். இப்ப நான் வாங்கினா சாவற வரைக்கும் ஒன்கிட்ட வாங்கினவளா இருக்கணும். நெத்திலிக் கொழம்பு குடுக்கும்போதுகூட அது கடனுக்கு வட்டியான்னு எனக்கே தோணும். வாணாம். அவரு கையில தெம்பு கீது. நாலு வருசமோ அஞ்சு வருசமோ, அவரே கழிப்பாரு.”

“என்ன எதுனா திட்டு அத்தே.”

“திட்டறதுக்கு எனக்கு வாய் வல்ல. போ.”

அடுத்த குடிசைதான், பத்தடி தூரம். அந்தப் பத்தடியை நடப்பதற்குள் கை வியர்த்து ரூபாயெல்லாம் ஈரமாகிவிட்டது.

லாசர் கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கி, அடுப்புப் புகை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். மகள் கையைப் பார்த்தார்.

“வாங்கலியா?”

“வாங்கல நைனா.”

“வாங்க மாட்டா.” பீடியைப் பற்றவைத்தார். பச்சையம்மா குடிசையில் மிளகாய் இடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

“நாளைக்குப் போயி திருப்பிக் கட்டிடு,” என்றார்.

“இனிமே எனக்கு அது வாணாம் நைனா. தூக்கிக் கடல்ல போட்டுடறேன்.”

“ஏன், வெயில்ல நடந்து சம்பாதிச்சதுதானே? எவனையும் ஏமாத்தி வாங்கலியே. கட்டிடு. வாரா வாரம் கட்டு. கட்டிட்டு வந்து எவ்ளோ கீதுன்னு சொல்லு.”

“சொல்றேன் நைனா. இனிமே ஒன்கிட்ட மறைக்க மாட்டேன்.”

“எங்கிட்ட இல்ல. வாசல்ல நின்னு சொல்லு.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“எந்திரி. வாசல்ல போயி நில்லு. குப்பத்துக்கிட்டதானே மறைச்சே, குப்பத்துக்கே சொல்லு. இப்ப எவ்ளோ கீது?”

அந்தோணியம்மாள் எழுந்தாள். வாசலுக்கு வந்து நின்றாள். வரிசையாக எல்லா வாசலிலும் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மீன் அரிந்துகொண்டு, ஒருத்தி பிள்ளைக்குத் தலை பார்த்துக்கொண்டு.

“இருபத்துமூணு ரூபா ஆறணா,” என்றாள்.

“எனக்கே கேக்கல.”

“இருபத்துமூணு ரூபா ஆறணா.”

“இன்னும் சத்தமா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மீன் விற்கிற தொண்டை அது, பங்களா மாடிக்குக் கேட்கும். “இருபத்துமூணு ரூபா ஆறணா!” என்று கத்தினாள். மீன் அரிந்தவள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். பிள்ளைகள் ஓடிவந்து நின்றன. பக்கத்துக் குடிசையில் உலக்கைச் சத்தம் நின்றது.

லாசர் பீடியை மணலில் குத்தி அணைத்தார். மகளைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை.

“இன்னொரு தபா சொல்லு,” என்றார்.